ரெக்கார்டு பிளேயரை மாற்றும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

பழைய ரெக்கார்டு பிளேயரில் மனம் சலித்து, லட்சக்கணக்கில் செலவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று தோன்றும்போது, முதலில் பழையதையே ஒருமுறை முறையாகச் சோதித்துவிடுவது நல்லது. தளர்ந்த பெல்ட், வற்றிப்போன பேரிங் எண்ணெய், தேய்ந்த முள் ஆகியவை எவ்வளவு நல்ல கருவியையும் மட்டமாகக் காட்டிவிடும். வைர முள்ளின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம்தான் என்பதால், நாள்தோறும் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் அது முடிந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் புதுப்பித்த பிறகும் குறை தெரிந்தால், அது என்ன குறை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சுருதி அசைகிறதா, மெல்லிய இடங்களில் உறுமல் கேட்கிறதா, தட்டின் கடைசிப் பாட்டில் குரல் கரகரக்கிறதா? கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பிளேயரின் குறையன்று. முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்குறிப்பாக மாற்றும் கார்ட்ரிட்ஜைப் பொருத்திய கோணத்தின் குறை.

ஒப்பிடுவதில் பலரும் சறுக்கும் இடமும் கார்ட்ரிட்ஜ்தான். ஒரு பிளேயரில் மூவிங் காயிலும் (கம்பிச்சுருள் அசையும் வகை) மற்றொன்றில் மூவிங் மேக்னெட்டும் (காந்தம் அசையும் வகை) பொருத்திக் கேட்டால், காதில் விழும் வேறுபாட்டில் பெரும்பங்கு அவற்றினுடையதே. ஆகவே இரண்டிலும் ஒரே மாடல் கார்ட்ரிட்ஜ், அதன் மெல்லிய மின்குறிப்பைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்ளிஃபயரும் ஒன்றே, ஒரே தட்டு என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அது முடியாதபோது ஒலியளவையாவது சமப்படுத்தியே தீர வேண்டும். மூவிங் மேக்னெட் ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிவோல்ட் தருகிறது. பெரும்பாலான மூவிங் காயில்கள் 0.3 முதல் 0.5 வரையே தருகின்றன. சற்றே உரக்க ஒலிப்பதைச் சிறந்தது என்று நம்பிவிடுவது காதின் இயல்பு.

அடுத்து, அமைப்பு. லின் நிறுவனத்தின் ஸ்காட்லாந்துத் தயாரிப்பான சோன்டெக் எல்பி12-இல் சுழல்தட்டும், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் மூன்று சுருள்வில்களின் மேல் மிதக்கின்றன. பெல்ட்தான் தட்டைச் சுழற்றுகிறது. 1970களின் தொடக்கத்தில் வந்த அந்தக் கருவியின் பாகங்களை ஒவ்வொன்றாகப் புதியவற்றுக்கு மாற்றிக்கொண்டே போகலாம் என்பதால், எல்பி12 வைத்திருப்பவர் வேறு கருவி தேடும் முன் அந்த வழியின் செலவையும் கணக்கிட வேண்டும். ஆனால் நடந்தாலே அதிரும் மரத்தரையில் சுருள்வில் அமைப்பு ஆடும். சுவரில் அறைந்த அலமாரி அதற்குத் தேவைப்படலாம். இங்கிலாந்தின் ரேகா இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது: பிளானார் 8, பிளானார் 10 ஆகியவற்றின் அடித்தளம் நுரைப்பொருளை உள்ளே வைத்து மிக இலேசாகவும் விறைப்பாகவும் செய்யப்பட்டது. ஜப்பானின் டெக்னிக்ஸ் 2010-இல் நிறுத்திய எஸ்எல்-1200 வரிசையை 2016-இல் எஸ்எல்-1200ஜி மூலம் மீட்டது. இரும்பு உள்ளகம் இல்லாத மோட்டார் அதன் தட்டை நேரடியாகச் சுழற்றுகிறது. டோன்ஆர்மின் உயரத்தை இதில் திருகியே மாற்றலாம். ரேகாவில் இடையே தகடு வைத்துத்தான் உயர்த்த வேண்டும். கார்ட்ரிட்ஜை அடிக்கடி மாற்றுபவருக்கு இது சிறிய விஷயமன்று.

டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் பொருந்துமா என்பதைக் கடைக்குப் போகாமலே கணக்கிட்டு அறியலாம். ஆர்மின் செயல்நிறை (அசையும்போது முள்முனையில் உணரப்படும் நிறை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை ஆகியவற்றைக் கிராமில் கூட்டி, முள் எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கிறது என்பதைக் காட்டும் நெகிழ்வு எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால் ஒத்ததிர்வு (ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக ஆடும் அதிர்வெண்) ஹெர்ட்ஸில் கிடைக்கும். ஆர்ம் 12 கிராம், மற்றவை 8 கிராம், நெகிழ்வு 12 என்றால் விடை ஏறத்தாழ 10. இது விரும்பத்தக்க 8 முதல் 12 வரையிலான எல்லைக்குள் இருக்கிறது. அதே ஆர்மில் நெகிழ்வு 25 உள்ள கார்ட்ரிட்ஜைப் பூட்டினால் 7-க்கு இறங்கிவிடும். வளைந்த தட்டுகளில் முள் தடுமாறும். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து தருவதால், அந்த எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேட்கும் சோதனைக்கு வீணைத் தட்டை எடுத்துச் செல்லாதீர்கள். கமகம் நிறைந்த இசையில் சுருதியின் அசைவு மறைந்துகொள்ளும். நாகஸ்வரத்தின் ஒத்து, தம்புரா, பியானோவின் நீண்ட சுரம் ஆகியவை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அசைவு சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்பி வந்தால், அது நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்று எடுக்கும் நேரம். தட்டின் துளை மையம் விலகியிருக்கலாம் என்பதால், வேறொரு தட்டை வைத்துப் பார்த்த பிறகே பிளேயரைக் குறை சொல்லுங்கள். சுழலாத தட்டின்மேல் முள்ளை இறக்கி, ஒலியைச் சற்றுக் கூட்டி, மேசையை விரல் கணுவால் தட்டிப் பார்ப்பதும் பயனுள்ளது: ஸ்பீக்கரில் எவ்வளவு குறைவாகக் கேட்கிறதோ அவ்வளவு நல்லது.

வீட்டில் தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் இருந்தால் எல்பி12 அவற்றுக்கு உதவாது. எஸ்எல்-1200ஜி-யில் அந்த வேகம் உண்டு, எனினும் அகன்ற முள்ளைத் தனியே வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து பழைய கருவியைத் தருவிப்பவர்கள் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கேற்பவே சுழலும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கெனச் செய்ததாக இருந்து, அதை இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் 33⅓ சுற்று 27.8 ஆகக் குறைந்துவிடும்; அதற்கேற்ற புல்லி (மோட்டாரில் பெல்ட்டை இழுக்கும் சிறு சக்கரம்) கிடைக்குமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.