அத்லெடிக் டிரெய்னிங் மாஸ்டர்ஸ்: விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது?

அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னர் என்றால் ஜிம்மில் உடற்பயிற்சி சொல்லித் தருபவர் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் டமார் ஹாம்லின் இதயம் நின்று விழுந்தபோது, களத்திலேயே சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முதலுதவி) கொடுத்த டென்னி கெல்லிங்டன் அந்த அணியின் உதவி அத்லெடிக் டிரெய்னர். காயத்தைத் தடுப்பது, களத்தில் பரிசோதிப்பது, அவசர சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி எல்லாம் இவர்கள் வேலை. 1990லேயே அமெரிக்க மருத்துவ சங்கம் இதை ஒரு மருத்துவத் துணைத் தொழிலாக ஏற்றுக்கொண்டுவிட்டது. "வீரர்களை ஃபிட்டாக வைத்திருக்க ஆசை" என்று தொடங்கும் விண்ணப்பக் கட்டுரை முதல் பத்தியிலேயே தோற்றுவிடுவது இதனால்தான்.

ஆனால் கட்டுரை கடைசியில் வருகிற விஷயம். பெரும்பாலான விண்ணப்பங்கள் அதற்கு ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே கெட்டுப்போகின்றன.

தவறான படிப்பைத் தேர்ந்தெடுப்பது

முன்பு இளங்கலையிலேயே இந்தப் படிப்பை முடித்துவிடலாம். இப்போது தொழிலுக்குள் நுழையும் பட்டம் மாஸ்டர்ஸ்தான். 2022 இலையுதிர் பருவத்துக்குப் பிறகு இளங்கலைத் திட்டங்களில் புதிய சேர்க்கை கிடையாது. பழைய தகவலை நம்பி, "ஸ்போர்ட்ஸ் மெடிசின்" அல்லது "எக்சர்சைஸ் சயின்ஸ்" இளங்கலை முடித்தால் சான்றிதழ் வந்துவிடும் என்று இருப்பது பெரிய ஏமாற்றம். அவை அடித்தளம் மட்டுமே. அத்லெடிக் டிரெய்னர் சான்றிதழுக்கான பி.ஓ.சி. தேர்வு (175 கேள்விகள், 4 மணி நேரம்) எழுத வேண்டுமானால் சி.ஏ.ஏ.டி.இ. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தொழில்முறைத் திட்டத்தில் படித்திருக்க வேண்டும்.

கல்லூரியின் விளம்பரப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் சி.ஏ.ஏ.டி.இ. தளத்தில் திட்டத்தின் நிலையைப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கிறதா, எச்சரிக்கையில் இருக்கிறதா, தானாகவே மூடிக்கொண்டிருக்கிறதா என்று அங்கே தெரியும். பி.ஓ.சி. தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்களின் மூன்றாண்டுச் சராசரியை ஒவ்வொரு திட்டமும் வெளியிட்டாக வேண்டும். 70 சதவீதம் என்பது குறைந்தபட்ச வரம்பு. அதைச் சுற்றியே தடுமாறுகிற இடத்தில் சேர்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்கலாம். "போஸ்ட் புரொஃபஷனல்" என்று பெயரிட்ட திட்டங்கள் ஏற்கனவே சான்றிதழ் பெற்றவர்களுக்கானவை. அங்கே விண்ணப்பித்துக் கட்டணத்தை வீணடிக்காதீர்கள்.

கெமிஸ்ட்ரி என்ற கண்ணி

சி.ஏ.ஏ.டி.இ.யின் 2020 தரவிதிகளின்படி உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் ஆகியவற்றைப் பள்ளிக்குப் பிந்தைய நிலையில் படித்திருக்க வேண்டும். இதற்கு மேல் ஊட்டச்சத்து, புள்ளியியல், பயோமெக்கானிக்ஸ் என்று ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளும்.

இங்கே மாட்டிக்கொள்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் பி.பி.டி. (இளங்கலை பிசியோதெரபி) பட்டதாரிகள் முக்கியமானவர்கள். நாலரை வருடம் படித்திருப்பார்கள், உடற்கூறியலில் குறையே இருக்காது. ஆனால் பொது வேதியியலும் தனி இயற்பியலும் பிளஸ் டூவோடு முடிந்திருக்கும். அது பள்ளிக் கணக்கு, செல்லாது. பி.பி.டி.யில் படித்த பயோகெமிஸ்ட்ரியை வேதியியலாகச் சில திட்டங்கள் ஏற்கும், சில ஏற்காது. பாடத்திட்டத்தின் நகலை இணைத்துத் திட்ட இயக்குநருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். "ஏற்பார்கள் என்று நினைத்தேன்" என்பது சேர்க்கைக் குழுவிடம் எடுபடாது.

அமெரிக்காவிலேயே படிப்பவர்கள் செய்யும் தவறு வேறு. 'அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி' இரண்டு பருவப் பாடம். முதல் பகுதியை மட்டும் முடித்துவிட்டுத் தேவை தீர்ந்தது என்று நினைப்பார்கள். பாதி உறுப்பு மண்டலங்கள் இரண்டாம் பகுதியில்தான் வரும். ஆய்வகம் இல்லாத ஆன்லைன் வேதியியலும் சில கல்லூரிகளில் செல்லாது. இத்தனை வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று காலக்கெடு வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

ஏ.டி.காஸ் படிவம்

பெரும்பாலான திட்டங்கள் ஏ.டி.காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. நீங்கள் ஒரே ஒரு பாடம் படித்த சமுதாயக் கல்லூரியைக்கூட அதில் சேர்க்க வேண்டும். மீண்டும் எழுதித் தேறிய பாடத்தில் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று எண்ணாதீர்கள்: உங்கள் கல்லூரி பழையதை நீக்கினாலும் ஏ.டி.காஸ் இரண்டு முயற்சிகளையும் கணக்கில் எடுக்கும். 3.0 ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வரம்பை எட்டிப்பிடித்த நிலையில் இருப்பவர்களுக்கு இது பேரிடி.

இந்திய மதிப்பெண்ணைத் தாமே ஜி.பி.ஏ.வாக மாற்றிக்கொள்வதும் வேண்டாம். 62 சதவீதத்தை 4-ஆல் பெருக்கி 2.48 என்று தன்னைத்தானே கழித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 60 முதல் வகுப்பு. வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் மதிப்பீட்டு நிறுவனம் அதை அறிந்துதான் மாற்றும். பாடவாரியான மதிப்பீடே வேண்டும். பட்டம் சமமானது என்று மட்டும் சொல்லும் அறிக்கை போதாது. பல்கலைக்கழகம் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பி, அதன் பிறகு மதிப்பீடு முடிய மாதக்கணக்கில் ஆகலாம். பல திட்டங்கள் வருகிற வரிசையிலேயே இடம் கொடுத்துவிடுகின்றன. வகுப்பில் இருப்பதே பல இடங்களில் இருபது பேர்தான் என்னும்போது, கடைசித் தேதியை இலக்காக வைத்து ஓடுவது வீண்.

பரிந்துரைக் கடிதத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. மாணவரே எழுதிக் கொடுக்க, துறைத்தலைவர் லெட்டர்ஹெட்டில் கையெழுத்திடுவது. மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரியாமல் போகாது. பரிந்துரையாளரே நேரடியாகத் தளத்தில் பதிவேற்ற வேண்டும். ஒருவராவது உங்களைக் களத்தில் பார்த்த அத்லெடிக் டிரெய்னராக இருப்பது நல்லது.

பார்வையாளர் மணிநேரம்

டிரெய்னரின் வேலையை அருகிலிருந்து பார்த்த நேரத்தைக் கணக்குக் காட்ட வேண்டும்; அது 50 மணி, 100 மணி என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கேட்காத இடமும் உண்டு. சான்றிதழ் பெற்ற அத்லெடிக் டிரெய்னரின் கீழ் இருந்த நேரமே பெரும்பாலும் செல்லும். பிசியோதெரபி கிளினிக்கில் இருந்த நேரத்தை அதில் சேர்த்துக் காட்டினால் கழித்துவிடுவார்கள். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள், விளையாட்டு பிசியோவின் கீழ் செய்த மணிநேரம் ஏற்கப்படுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பதிவுத்தாளில் தேதி, வந்த நேரம், போன நேரம், இடம், மேற்பார்வையாளரின் பி.ஓ.சி. எண், கையெழுத்து இருக்கட்டும். பருவம் முடிந்ததும் மொத்தமாகக் கையெழுத்து வாங்கலாம் என்று விட்டால், அவர் வேறு வேலைக்கு மாறிப் போயிருப்பார். அன்றன்றே வாங்குங்கள்.

மணிக்கணக்கு நிறைந்தும் சொல்ல ஒன்றும் இல்லாமல் வருபவர்கள் அதிகம். பெஞ்சில் உட்கார்ந்து போட்டியைப் பார்த்துவிட்டுப் போவதால் வரும் வினை. பயிற்சி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பாருங்கள். கணுக்காலுக்கு டேப் சுற்றும் மேசையருகே நில்லுங்கள்: அடியில் எத்தனை நங்கூரப் பட்டை (மற்றவற்றைப் பிடித்து நிறுத்தும் முதல் டேப் சுற்று), எந்தத் திசையில் இழுக்கிறார், ஏன் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம். அடிபட்டவரிடம் முதலில் கேள்வி, பிறகு பார்வை, பிறகு தொட்டுப் பார்ப்பது, கடைசியில் மூட்டைச் சோதிக்கும் அசைவுகள் என்ற வரிசையைக் கவனியுங்கள். ஆகஸ்ட் வெயிலில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி எதற்காகக் களத்தோரம் தயாராக இருக்கிறது என்று கேளுங்கள். வெப்பத்தாக்கத்தில் முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது என்பது இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம்; 2001இல் மினசோட்டா வைக்கிங்ஸ் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் வெப்பத்தாக்கத்தால் இறந்த பிறகு அதற்குக் கூடுதல் அழுத்தம் வந்தது.

இப்படிப் பார்வையாளராக இருக்கும் நாட்களில் அடிபட்ட வீரரைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுவது, கட்டுரையில் அவர் பெயரையோ ஜெர்சி எண்ணையோ எழுதுவது இரண்டும் தனியுரிமை மீறல். விண்ணப்பம் நிராகரிக்கப்பட இது ஒன்றே போதும்.

கட்டுரையும் நேர்காணலும்

ஏ.டி.காஸ் பொதுக் கட்டுரை நீங்கள் தேர்ந்தெடுத்த எல்லாக் கல்லூரிக்கும் போகும். ஒரு பல்கலைக்கழகத்தைப் பெயர் சொல்லிப் புகழ்ந்திருந்தால் மற்ற ஐந்து இடத்திலும் அது சிரிப்புக்கு இடம். உங்கள் சொந்த முழங்கால் காயத்தின் கதை ஒரு பத்திக்கு மேல் வேண்டாம்; அது நோயாளியின் அனுபவம். டிரெய்னரின் வேலையில் நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

நேர்காணலில் கட்டாயம் வரும் கேள்வி: "ஏன் பிசியோதெரபி இல்லை?" அதற்கு இடம் கிடைக்காததால் இங்கே வந்தேன் என்ற தொனி வந்தால் கதை முடிந்தது. பி.பி.டி. முடித்தவர்கள் இன்னொன்றையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த மாஸ்டர்ஸ் அமெரிக்காவில் பிசியோவாக வேலை செய்ய உரிமம் தராது, அது தனி வழி. அத்லெடிக் டிரெய்னருக்கான உரிமமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இடம் கிடைத்த பின்னும் ஒரு கண்ணி உண்டு. பல திட்டங்கள் கோடையிலேயே தொடங்கிவிடும். மருத்துவப் பயிற்சிக்கு அனுப்பும் முன் பின்னணிச் சோதனை, காசநோய்ப் பரிசோதனை, சி.பி.ஆர். சான்று, தடுப்பூசி ஆவணம் எல்லாம் கேட்பார்கள். ஹெப்படைடிஸ் பி வழக்கமான மூன்று தவணை 0, 1, 6 மாதங்களில் வருகிறது. ஏப்ரலில் கடிதம் கையில் வந்த பிறகு முதல் ஊசி போட்டால் மூன்றாவது அக்டோபரில்தான். சிறுவயதில் போட்ட அட்டை தொலைந்திருந்தால் விண்ணப்பிக்கும்போதே ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.