முதலில் அம்மாவின் சுருக்குப்பையைப் பாருங்கள்

தெருவில் யாருக்காவது கேன்சர் என்று தெரிந்ததும் மற்ற வீடுகளில், அது வராமல் தடுக்கும் என்று நம்பி, முள்சீத்தாப்பழ வேட்டை தொடங்கிவிடும். புதிதாக எதைத் தின்னலாம் என்று தேடுவதைவிட எதை நிறுத்தலாம் என்று பார்ப்பதுதான் லாபம்.

வயது ஏற ஏற ஆபத்து ஏன் கூடுகிறது? செல்கள் பிரியப் பிரிய டி.என்.ஏவில் சின்னச் சின்னப் பிழைகள் விழுந்து வருஷக்கணக்கில் சேர்கின்றன. கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்து அழிப்பது டி செல்கள் என்கிற நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலை, அவை தேறி வருகிற தைமஸ் சுரப்பியோ இளவயதிலிருந்தே சுருங்கிக்கொண்டு வருகிறது. அறுபதில் பிழையும் அதிகம், காவலும் குறைவு. எந்தக் கஷாயமும் இதைத் திருப்பாது.

சரி, சுருக்குப்பை. சோழவந்தான் வெற்றிலை மேல் எனக்கு வருத்தமில்லை, பாக்குதான் பிரச்சினை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. "போயிலையா போடுறேன், வெறும் பாக்குதானடா" என்று அம்மா சொன்னதை நானும் ரொம்ப நாள் நம்பினேன். பையைப் பிடுங்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். பாக்கு இருந்த இடத்தில் சோம்பும் கிராம்பும் போட்டு வைத்தேன். ஒரு வாரம் திட்டு விழுந்தது, அப்புறம் பழகிவிட்டது.

மாதம் ஒருமுறை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, செல்போன் டார்ச் அடித்து, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அடி எல்லாம் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியாதபடி வாய் இறுகியிருப்பதோ, எது இருந்தாலும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

அடுத்து கடலை. உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் மூட்டையாகக் கொடுத்தனுப்புவார்கள், ஈரத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அதிலிருக்கும் அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு ஈரல் புற்றுநோய்க்குக் காரணம், வறுத்தாலும் முழுசாகப் போகாது. சுருங்கினது, கறுத்தது, கசக்கிறது எல்லாவற்றையும் தூரப் போடுங்கள்.

கறிதோசையை விடச் சொல்ல மாட்டேன், எனக்கே முடியாது. என்றைக்காவது சாப்பிடுங்கள், கூடவே கீரை, அவரை இருக்கட்டும். பிள்ளைகள் கேட்கிற சாசேஜ் வேறு கதை, தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும்.

எதிர்ப்பு சக்திப் பவுடருக்குக் கொடுக்கிற காசைத் தடுப்பூசிக்குக் கொடுங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் எச்.பி.வி என்கிற வைரஸுக்கான ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த வைரஸால்தான் வருகிறது.