நங்கூரம் வாங்குமுன்: நீர்த்தேக்கப் படகுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வாரங்களுக்கு முன்னர் மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் புதிதாகப் படகு வாங்கிய ஓர் இளைஞர், பெயின்ட் வாளி ஒன்றில் சீமெந்துக் கலவையை ஊற்றி, நடுவில் வளைத்த கம்பியைச் செருகிக் காயவைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இருபது கிலோ வரும், இனிப் படகு அசையாது" என்று பெருமையோடு சொன்னார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் ஏறக்குறைய அதே இடத்தில் அதே வாளியை நானும் செய்தேன் என்பதால், அவரோடு கரையில் ஒரு மணிநேரம் பேசிய விடயங்களை இங்கே எழுதி வைக்கிறேன். கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டாமலே நங்கூரத்தை வீசிவிடுவது போன்ற தவறுகளை எழுதப் போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்வதில்லை.

எடையை நம்பி நங்கூரம் செய்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நங்கூரம் என்றால் கனமான பொருள், கனம் கூடினால் பிடியும் கூடும் என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. அது பெரும்பாலும் பிழை. சிறிய படகின் நங்கூரம் எடையால் நிற்பதில்லை. அதன் தகடுகள் அடிமண்ணுக்குள் புதைந்து, இழுக்க இழுக்க ஆழமாகக் கிழித்துக்கொண்டு இறங்குவதால்தான் நிற்கிறது. சீமெந்து வாளிக்குப் புதைவதற்குத் தகடு இல்லை. சேற்றின் மேல் அது வழுக்கும், கல்லின் மேல் அது உருளும்.

என் வாளியும் இருபது கிலோதான். ஒரு சித்திரை மாதப் பின்னேரம் பதினான்கு அடி ஃபைபர் படகில் நானும் மச்சானும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, வழக்கமான இடிமழைக்கு முன்னால் பள்ளத்தாக்கு வழியாகக் காற்று இறங்கியது. காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மீதான தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. கயிற்றைப் பிடித்துப் பார்த்தபோது, கரடுமுரடான தரையில் மூட்டையை இழுப்பதைப் போன்ற அதிர்வு கைக்குத் தெரிந்தது. "மச்சான், வாளி நடக்குது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் படகின் பின்பக்கம் கரைப்பாறையில் ஏறிவிட்டது. இயந்திரத்தின் நீருக்குள் இறங்கும் கால் உடைந்தது, படகின் அடியில் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. திருத்துவதற்கு எனது இரண்டு மாதச் சம்பளம் போனது.

அதன் பிறகுதான், மச்சானின் யோசனைப்படி, கொழுந்து நிறுக்கும் பழைய தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கி, அந்த வாளியைக் கரையோர மரக்கிளை ஒன்றில் தொங்கவிட்டு நிறுத்தேன். காற்றில் இருபது கிலோ காட்டிய முள், வாளி முழுவதும் நீரில் மூழ்கியதும் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கி நின்றது. கொங்கிறீற்று நீரைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு அடர்த்தியானது. ஆகவே நீருக்குள் அதன் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் காணாமற் போகும். இரும்பு இழப்பது 13 சதவீதம் அளவில்தான். மிஞ்சிய எடையும்கூட முழுப் பிடியாக மாறுவதில்லை, சேற்றில் வழுக்கும்போது அதில் ஒரு பகுதிதான் இழுவையை எதிர்க்கும்.

இதற்கு நேர்மாறானது, அசையும் இரண்டு தட்டைத் தகடுகள் கொண்ட டான்போர்த் நங்கூரம். ரிச்சர்ட் டான்போர்த் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இந்த வடிவம் இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு படகுகளில் பயன்பட்டது. கரையில் முட்டி நின்ற படகு தன் நங்கூரக் கயிற்றையே இழுத்துப் பின்வாங்க வேண்டியிருந்ததால், குறைந்த எடையில் அதிகப் பிடி தேவைப்பட்டது. நல்ல மண்ணில் ஒழுங்காகப் புதைந்த இத்தகைய நங்கூரம் தன் எடையைப் போலப் பல பத்து மடங்கு இழுவையைத் தாங்கும். என் படகில் இப்போது இருப்பது நான்கு கிலோ டான்போர்த். ஒரு கையால் தூக்கிப் போடுகிறேன்.

"வள்ளக்காரர்கள் கல்லைக் கட்டித்தானே போடுகிறார்கள்?" என்று அந்த இளைஞர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர்களுடைய வள்ளம் ஒடுங்கியது, காற்றுக்கு முகம் கொடுக்காதது; கல் அசைந்தால் உடனே துடுப்பைப் பிடிப்பதற்கு ஆள் உள்ளேயே விழித்திருக்கிறார். கூரை போட்ட உல்லாசப் படகை நிறுத்திவிட்டுச் சோற்றுப் பொதியை அவிழ்ப்பவருக்கு அந்தக் கல் உதவாது.

அடியைப் பார்க்காமல் வாங்குவது

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே நங்கூரம் என்று எதுவும் இல்லை. டான்போர்த் சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. பாறையிலும் வேர்க்கட்டைகளிலும் அது சறுக்கும் அல்லது சிக்கிக்கொள்ளும். கலப்பை வடிவ நங்கூரம் சற்றுக் கனமானதாயினும் பலவகை மண்ணில் பிடிக்கும், காற்று திசை மாறினாலும் பெரும்பாலும் தானே மீண்டும் புதையும். பாறைக்கும் கட்டைக்கும், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியைப் போன்ற கொக்கி நங்கூரமே வசதி. அதன் கொக்கிகள் மெல்லிய கம்பியில் இருந்தால், சிக்கும்போது பலமாக இழுத்து நிமிர்த்தி எடுத்துவிடலாம். காளான் வடிவத்தது மென்சேற்றில் சிறு தோணிக்குப் போதும்.

கடலோரத்துப் படகுக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி மலையகத்தில் நமக்கு உண்டு. காசல்ரீயின் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. மின்சாரத்துக்காக நீர் இறக்கப்பட்டு, மழையும் இல்லாத மாதங்களில் நீர்த்தேக்கத்தின் அடித்தளம் கண்முன்னே கிடக்கும். மவுஸ்ஸாக்கலையில் நீர் நன்றாக இறங்கும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் கோவில், விகாரை எச்சங்களே வெளியே தெரிகின்றன. அந்த நாட்களில் கரையோரமாக நடந்து, எங்கே சேறு, எங்கே சரளை, எங்கே பழைய தேயிலைக் கட்டைகள், எங்கே கற்சுவர் என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு கடைக்குப் போங்கள். ஈரச் சேற்றில் கால்வைக்குமுன் கம்பால் குத்திப் பாருங்கள், சில இடங்களில் இடுப்பளவு இறங்கும்.

கயிற்றில் கஞ்சத்தனம்

நல்ல நங்கூரத்தையும் குட்டைக் கயிறு கெடுத்துவிடும். இழுவை தரையோடு கிடையாக வந்தால்தான் தகடு புதையும். மேல்நோக்கி வந்தால் அது பிடுங்கப்படும். நீரின் ஆழத்தோடு படகின் முன்விளிம்பு நீருக்கு மேலே நிற்கும் உயரத்தையும் கூட்டி, சிறிது நேரம் நிற்பதற்கு ஐந்து மடங்கும், இரவு தங்குவதற்கு ஏழு மடங்கும் கயிறு விட வேண்டும். ஆறு மீற்றர் ஆழம், ஒரு மீற்றர் உயரம் என்றால் முறையே 35 மீற்றர், 49 மீற்றர். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது இந்தக் கணக்கும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

கயிறு நைலோனாக இருக்கட்டும். அது இழுபட்டு மீண்டு அதிர்ச்சியைத் தாங்கும், நீரில் அமிழும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீல நிறப் பொலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும், வெயிலில் நொறுங்கும், அடுத்த படகின் விசிறியில் சுற்றும்.

சங்கிலி இல்லாமல் கட்டுவது

வேண்டாம். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மூன்று மீற்றர் சங்கிலி போடுங்கள்.

படகின் பின்புறத்தில் கட்டுவது

இயந்திரத்தின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பக்கம் அது. அலை உள்ளே ஏறினால் படகு மூழ்கும், ஆளும் போவார்.

சரிவை மறப்பது

நமது நீர்த்தேக்கங்கள் மலைப் பள்ளத்தாக்குகளில் அமைந்தவை. கரையிலிருந்து சில மீற்றர் தள்ளினாலே அடி செங்குத்தாக இறங்கும். கரைப்பக்கமிருந்து காற்று வந்தால் நங்கூரம் பள்ளத்தை நோக்கி இழுபடும். ஒருமுறை நழுவினால் மேலும் ஆழத்துக்குப் போகும், அதே கயிறு போதாமலாகிவிடும். ஆகவே நங்கூரத்தை இறக்கியதும் இயந்திரத்தை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி அதைப் புதைத்துவிட்டு, கரையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். நான் தேயிலைத் தொழிற்சாலைக் கூரையின் முனையையும் அதற்குப் பின்னால் மலையில் நிற்கும் தனிச் சவுக்கு மரத்தையும் பார்ப்பேன். அவை விலகத் தொடங்கினால் படகு நழுவுகிறது.

மீட்புக் கயிறு போடாதது

கட்டைகளும் சுவர்களும் உள்ள இடத்தில், நங்கூரத்தின் தகடுகள் சேரும் தலைப்பகுதியில் தனியாக ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையில் வெற்று எண்ணெய்க் கலன் ஒன்றை மிதக்க விடுங்கள். சிக்கினால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக உருவி எடுக்கலாம். இதைச் செய்யாததால் எனது முதலாவது டான்போர்த்தை மவுஸ்ஸாக்கலையில் கயிற்றை அறுத்துவிட்டு வந்தேன். நீர் இறங்கிய ஒரு பங்குனியில் அந்தச் சுவர் இடுக்கைத் தேடி நடந்தே போனேன். சுவர் இருந்தது, அறுந்த நைலோன் துண்டும் இருந்தது, நங்கூரத்தை எனக்கு முன்னரே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.