பிரஷ் ஸ்கிரிப்ட் எழுத்துரு: எங்கே பொருந்தும், எப்படி வைப்பது?

டிசைன் செய்யப் புதிதாக உட்காருபவர்களின் கை முதலில் போவது பிரஷ் ஸ்கிரிப்ட் பக்கம்தான். தூரிகையை மையில் தோய்த்து ஒரே வீச்சில் எழுதியதுபோல் இருப்பதால் பார்த்ததுமே பிடித்துவிடும். நானும் ஒரு அழைப்பிதழ் முழுவதையும், கதவு எண் வரைக்கும், அதிலேயே அடித்துக் கொடுத்தேன். முதலில் வந்த ஃபோனே "இது ஒன்றா, ஏழா?" என்றுதான்.

படி 1: ரகத்தைப் பாருங்கள்

எழுத்துகள் கைகோத்து ஓடுவது ஒரு ரகம். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக ராபர்ட் ஸ்மித் 1942-இல் வரைந்த, 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்றே பெயர் கொண்ட எழுத்துரு அப்படிப்பட்டது. ஒட்டாமல் தனித்தனியே நிற்பது இன்னொன்று. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரோஜே எக்ஸ்கோஃபோனின் 'ஷாக்' (1955) நல்ல உதாரணம். முதல் ரகத்தில் குழைவு அதிகம். போஸ்டரில் சத்தம் போட்டுக் கூப்பிட இரண்டாவதுதான் லாயக்கு.

படி 2: உங்கள் சொல்லையே அடித்துப் பாருங்கள்

மாதிரிப் படத்தில் எல்லா எழுத்துருவும் அழகுதான். உங்களுக்கு வேண்டிய சொல்லை அடித்து, நன்றாகப் பெரிதாக்கி, ஒட்டும் இடங்களை மட்டும் பாருங்கள். குறிப்பாக ஆங்கில ஸ்மால் 'ஓ'வுக்குப் பின் 'ஆர்' வரும் இடம். கையால் எழுதும்போது 'ஏ' கீழ்க்கோட்டில் முடியும், 'ஓ' மேலே முடியும். அடுத்த எழுத்து அந்த உயரத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். மலிவாகச் செய்த எழுத்துருவில் அங்கே ஒரு முடிச்சோ இடைவெளியோ தெரியும். நல்லதில் பக்கத்து எழுத்தைப் பொறுத்து மாற்று வடிவம் தானாக வந்து உட்காரும். வராவிட்டால் மென்பொருளின் ஓப்பன்டைப் (எழுத்துருவின் கூடுதல் வசதிகள்) பகுதியில் 'கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்' (பக்கத்து எழுத்துக்கேற்ற மாற்று வடிவம்), 'லிகேச்சர்' (சேர்த்து வரைந்த எழுத்துகள்) இரண்டும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: கை வைக்கக் கூடாதவை

முழுச் சொல்லையும் கேப்பிட்டலில் அடிக்காதீர்கள். சுழித்து வரும் கேப்பிட்டல்கள் சொல்லின் தொடக்கத்தில் ஒன்றாக நிற்பதற்கு வரைந்தவை. வரிசையாக நின்றால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஒட்டும் ரகத்தில் எழுத்து இடைவெளி பூஜ்யமாகவே இருக்கட்டும், கொஞ்சம் கூட்டினாலும் இணைப்பு அறுந்துவிடும். போல்ட் பட்டனும் வேண்டாம், அது தூரிகைக் கோட்டின் தடிப்பும் மெலிவும் தெரியாமல் அப்பிவிடும்.

படி 4: இடம் பாருங்கள்

லோகோ, லேபிள், அட்டைத் தலைப்பு, வாழ்த்து அட்டை, டிஷர்ட் இங்கெல்லாம் தாராளமாக வைக்கலாம். இரண்டு மூன்று சொல்லோடு சரி. பத்தி, ஃபோன் நம்பர், தேதி, எச்சரிக்கை வாசகம் எல்லாம் சாதாரண சான்ஸ் செரிஃபில் (முனையில் சிறுகோடு இல்லாத எழுத்துருவில்) போகட்டும். பக்கத்தில் இன்னொரு ஸ்கிரிப்ட்டை மட்டும் உட்காரவைத்துவிடாதீர்கள், இரண்டும் சண்டை போடும்.

விற்பனைப் பொருளுக்கு என்றால் எழுத்துருவின் லைசென்ஸையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 5: அசல் அளவில் பிரின்ட் எடுங்கள்

காய்ந்த தூரிகை இழுத்ததுபோல் கீறல் கீறலாக இருக்கும் எழுத்துரு, சின்ன அளவில் வெறும் அழுக்காகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் மெல்லிய வால்களை மை விழுங்கிவிடும். பிரின்ட்டை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் கண்ணைச் சுருக்கினால் எழுத்துருவை மாற்றிவிட்டு மறுபடி படி 2.