ஜித்தா கோபுரம் எத்தனை மாடி ஏறியிருக்கிறது? எண்ணுவதில் வரும் தவறுகள்

ஜித்தாவில் வேலை பார்க்கும் மச்சான் ஒருமுறை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "பாருங்க, எவ்ளோ உயரம் போயிடுச்சு!" படம் பல வருடம் பழையது. அவரைக் குறை சொல்ல முடியாது. உலகிலேயே உயரமான கட்டடமாக வரவேண்டுமென்று சவூதியில் 2013 ஏப்ரலில் கட்டத் தொடங்கிய ஜித்தா கோபுரம், அறுபது மாடியைத் தாண்டிய நிலையில் 2018-ல் நின்றுபோனது. 64-வது மாடிக்குக் கான்கிரீட் போட்டு மறுபடி தொடங்கியது 2025 ஜனவரியில்தான். நடுவில் ஏழு வருடம் அசையாமல் நின்ற கட்டடத்தை எந்த வருடத்தில் படம் எடுத்தால் என்ன, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். படம் எடுத்த தேதி தெரியாமல் "வளர்ந்திருக்கிறது" என்று சொல்வதுதான் முதல் தவறு. கணினியில் வரைந்த படத்தை நிஜப் படம் என்று நம்புகிறவர்களும் உண்டு. உச்சி வரைக்கும் கண்ணாடி பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது மாடிக் கணக்கு. எந்த இடத்தின் மாடி என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கோபுரத்துக்கு நடுவில் ஒரு கான்கிரீட் தண்டு, அதைத் தாங்கி மூன்று பக்கமும் மூன்று சிறகுகள். கட்டும்போது எல்லாம் ஒரே மட்டத்தில் ஏறுவதில்லை. செய்தியில் வரும் எண் பெரும்பாலும் எது உயரமோ அதனுடையது.

சரி, எண் சரியென்றே வைத்துக்கொள்வோம். நூற்றைம்பதுக்கு மேல் மாடிகள் கொண்ட கட்டடத்தில் 64 முடிந்தால், ஐந்தில் இரண்டு பங்கு வேலை முடிந்ததா? இல்லை. கீழ்த்தளங்கள் அகலம், மேலே போகப்போகக் குறுகும். அப்படிப் பார்த்தால் முடிந்தது அதைவிட அதிகம். ஆனால் மேலே காற்று பலமானால் கிரேனை நிறுத்த வேண்டும், கான்கிரீட்டை இன்னும் உயரத்துக்குப் பம்ப் செய்ய வேண்டும். அப்புறம் லிஃப்ட், குழாய், மின்சாரம், கண்ணாடி என்று எவ்வளவோ பாக்கி. மாடி எண்ணுகிறவர்கள் அஸ்திவாரத்தையும் விட்டுவிடுகிறார்கள். புர்ஜ் கலீஃபாவில் 2004 தொடக்கத்தில் மண் வேலை ஆரம்பித்தது. அதன் எடையைத் தாங்க மண்ணுக்குள் இறக்கிய 192 பைல்களும் (கான்கிரீட் தூண்கள்) இன்று யார் கண்ணிலும் படுவதில்லை.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் உச்சியில் இருக்கிறது. உச்சியைத் தொட்டுவிட்டது என்றால் கட்டடம் தயார் என்று நினைத்துவிடுகிறோம். கோலாலம்பூரின் மெர்டேக்கா 118-க்கு 2021 நவம்பரில் முனை பொருத்தினார்கள். அதிகாரபூர்வமாகத் திறந்தது 2024 ஜனவரியில். சீனாவின் தியான்ஜினில் உள்ள கோல்டின் 117 இன்னும் மோசம். 2015-லேயே முழு உயரத்தையும் எட்டிவிட்டது, பத்து வருடம் ஆகியும் உள்ளே ஆள் வரவில்லை. கண்ணாடி எதுவரை ஏறியிருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது உச்சியைப் பார்ப்பதைவிட உருப்படியானது. அதே சமயம், வேலை நின்றதும் "கைவிட்டுவிட்டார்கள்" என்று முடிவுகட்டுவதும் அவசரம்தான். வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கின் ரியுக்யோங் ஹோட்டல் 1992-ல் நின்று, 2008-ல் மீண்டும் தொடங்கி, கண்ணாடியும் மாட்டிக்கொண்டது. ஹோட்டலாகத் திறக்கவில்லை என்பது வேறு கதை.

திறப்புத் தேதியை நம்பிப் பயணம் போடாதீர்கள். ஜித்தாவுக்கு இப்போது சொல்லும் வருடம் 2028. இதற்கு முன் சொன்ன வருடங்கள் எல்லாம் கடந்துபோய்விட்டன. உயரத்தையும் மீட்டர் சுத்தமாக எழுதிவைக்க வேண்டாம். ஜித்தாவுக்கு "ஆயிரம் மீட்டருக்கு மேல்" என்று சொன்னால் போதும். புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டரையே திறப்பு விழா நாளில்தான், 2010 ஜனவரி 4 அன்று, வெளியே சொன்னார்கள்.