தொட்டியில் செங்காந்தள்: கிழங்கின் முனை பத்திரம்

கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று ஊருக்கொரு பெயர் இருந்தாலும் எல்லாம் இதே செங்காந்தள்தான். வளர்க்குமுன் ஒன்று: செடி முழுக்க நஞ்சு. கோல்சிசின் என்ற நச்சு கிழங்கிலும் விதையிலும் நிறைய உண்டு. கிழங்கு பார்ப்பதற்குச் சர்க்கரைவள்ளி போல இருப்பதுதான் வம்பு. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை வைக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி, பேதி தொடங்கவே சில மணி நேரம் ஆகும், அதுவரை ஒன்றுமில்லை என்று இருந்துவிடக் கூடாது.

காட்டிலோ வேலியோரத்திலோ தானாக வளர்வதைத் தோண்டி வராதீர்கள். அப்படித் தோண்டித் தோண்டித்தான் பல இடங்களில் இது அருகிப்போனது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். பயிரிட்ட கிழங்காகக் கேட்டு வாங்குங்கள். விதை போட்டும் வளர்க்கலாம், ஆனால் பூவைப் பார்க்க மூன்று நான்கு வருஷம் பொறுக்க வேண்டும்.

வாங்கும்போது நான் பருமனைவிட முனையைத்தான் பார்ப்பேன். கிழங்கு இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான். அது ஒடிந்தால் எவ்வளவு கொழுத்த கிழங்கானாலும் வீண். உருளைக்கிழங்கு மாதிரி துண்டு போட்டு நடுகிற வேலை இங்கே நடக்காது. பிரிப்பதானால் இரண்டு கையும் சேரும் இடத்தில் மட்டும் வெட்டி, வெட்டுவாயை நிழலில் உலரவிடுங்கள். கையுறை அவசியம்.

ஆனி, ஆடியில் நடலாம். செம்மண்ணும் மணலும் சரிபாதி, கொஞ்சம் மட்கிய எரு. ஓரடி ஆழத்துக்குக் குறையாத தொட்டி. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. கிழங்கைப் படுக்கவைத்து நாலு விரல்கடை மண் மூடுங்கள். முளை வெளியே வரும்வரை ஈரம் லேசாக இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் அழுகல்தான்.

இந்தக் கொடி தண்டால் சுற்றி ஏறாது. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும், அதனால் தடித்த மூங்கிலை ஊன்றிப் பயனில்லை. காய்ந்த கிளுவை மிலாறு (மெல்லிய குச்சி), மெல்லிய கம்பி, சணல் கயிறு இவற்றைத்தான் பிடிக்கும். தண்டு சட்டென்று ஒடியும், இழுத்துக் கட்டாதீர்கள்.

மழைக்காலத்தில் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழுக்கள் கூட்டமாக வரும். விட்டால் ஓரிரு நாளில் கொடியை மொட்டையடித்துவிடும். காலையில் பொறுக்கி எறிவதே எனக்குச் சரிப்பட்டது.

பூ பச்சை மொட்டாகத் தலைகுனிந்திருக்கும். இதழ்கள் மேல்நோக்கி மடங்கி, மஞ்சளாகி, நாளாக ஆகச் சிவக்கும். பூவின் பெண் உறுப்பான சூலகத்தண்டு மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பதால் அதே பூவின் மகரந்தம் அதில் படுவது அரிது. காய் வேண்டுமானால் இன்னொரு பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு சூலகத்தண்டின் நுனியில் தடவிவிடுங்கள்.

காய் முற்றியதும் கொடி மஞ்சளாகிக் காயும். செத்துவிட்டது என்று பதறி இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கிழங்கு கெடுவது பெரும்பாலும் அப்போதுதான். தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை மழை படாத மூலைக்கு நகர்த்துங்கள். அடுத்த முளை தலைகாட்டும்வரை அங்கேயே கிடக்கட்டும்.