ஊட்டி வீட்ல விறகு ஃபயர்ப்ளேஸ் கட்டணுமா? மொதல்ல சிம்னிய பாருங்க

ஊட்டி, கொடைக்கானல்ல வீடு கட்றவங்க நிறைய பேர் எடுத்தவுடனே டைல்ஸ் கலர்லதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா புகை ஒழுங்கா மேல போறதுதான் முக்கியம். அடுப்பு வாயோட பரப்புல பத்துல ஒரு பங்காவது புகைக்குழாயோட உள்ளளவு இருக்கணும், அதாவது 36க்கு 28 அங்குலம் வாய்னா சுமாரா 100 சதுர அங்குலம், இத குறைச்சா புகை ஹாலுக்குள்ளதான் இறங்கும். சிம்னி கூரைய தாண்டி 3 அடி வரணும், 10 அடி சுத்துல இருக்கற எதையும் விட 2 அடி உசரமாவும் இருக்கணும்.

உள்பக்கம் ஃபயர் பிரிக்தான், அதாவது சூடு தாங்கற செங்கல். சாதா சிமெண்ட் கலவை சூட்டுல வெடிச்சிடும், சூடு தாங்கற கலவையான ரிஃப்ராக்டரி மார்ட்டார்னு கேட்டு வாங்குங்க, செங்கலுக்கு நடுவுல இணைப்பு கால் அங்குலத்துக்கு மேல போகவேண்டாம். முன்னாடி தரைல, இந்த அளவு வாய்க்கு குறைஞ்சது 20 அங்குலத்துக்கு கல்லு போடுங்க.

கட்டி முடிச்சதும் பெருசா எரிச்சிடாதீங்க ப்ளீஸ், ஒரு மாசம் காயவிட்டு, சின்ன சின்ன தீயா போட்டு ஈரத்த எடுக்கணும். பச்ச யூகலிப்டஸ் விறகு வேணவே வேணாம், சிம்னிக்குள்ள தார் மாதிரி படிஞ்சு ஒருநாள் அதுவே பத்திக்கும். கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு அலாரம் கண்டிப்பா மாட்டுங்க, கங்கு முழுசா அணையாம டாம்பர (புகைவழிய மூடற தகடு) மூடிட்டு தூங்கப் போயிடாதீங்க.